ஆபுத்திரனும் கம்போஸிட்டரும்

சில மாதங்களுக்கு முன் மொழிபெயர்ப்பாளர்கள் பத்துப் பேர் கூடிய ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் என்று சொல்வதே மிகை. ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி, இரண்டு ஃபிளாஸ்க் காப்பி. வந்திருந்தவர்களில் ஒருவருக்கு ஒரு பதிப்பகம் முந்நூறு பக்க நாவல் ஒன்றின் தமிழாக்கத்தை அனுப்பிச் சரிபார்த்துத் தரச் சொல்லியிருந்தது. ஆக்கியது யந்திரம். சரிபார்ப்பதற்குக் கூலி, முன்பு மொழிபெயர்ப்புக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு. நண்பர் கோபமாக இருந்தார். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அவர் கூலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. உழைப்பின் கௌரவம், ஒரு மொழியில் இருபது வருஷம் ஊறியதால் வரும் பிரக்ஞை, ஒரு வாக்கியத்துக்காக ஓர் இரவு விழித்திருப்பதன் அர்த்தம் என்று பேசிக்கொண்டு போனார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு அந்தக் கம்போஸிட்டரின் ஞாபகம் வந்தது. வந்த பிறகு, ஆட்டிய தலையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

1970களின் கடைசியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினோம். முந்நூறு பிரதி. திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருந்தது அச்சகம். ஒரு ட்ரெடில், வரிசையாகச் சில கேஸ்கள், இரண்டு கம்போஸிட்டர்கள். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ் ஆகியவற்றின் இடுக்கில் எங்கள் பாரங்கள் காத்திருந்து அச்சேறும். இருவரில் மூத்தவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். ஆங்கிலத்துக்குப் பெரிதும் சிறிதுமாக ஐம்பத்திரண்டு எழுத்தோடு முடிந்துவிடும். தமிழுக்கு உகர ஊகார வரிசைகள் தனித்தனி வார்ப்பு என்பதால் அறைகள் அதைவிடப் பல மடங்கு. எந்த அறையில் எது என்று அவர் கண்ணால் தேடி நான் பார்த்ததில்லை. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். விரல் தானாகப் போய் எழுத்தை எடுத்து இடது கையிலிருக்கும் ஸ்டிக்கில் கோக்கும். கோத்த வரியைத் தலைகீழாகவே படிப்பார். எங்கள் கையெழுத்தைப் படிப்பதைவிட அது சுலபம் என்று ஒருமுறை சொன்னார். அச்சாகி முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் பிரித்துப் போட வேண்டும். காவியம் என்று நினைத்து நாங்கள் எழுதியதெல்லாம் அடுத்த வாரம் பில் புத்தகமாகிவிடும்.

1978 அக்டோபரில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றுக்கொண்டது. பழைய உருவத்து ணை, லை, ளை, னை நான்கும், ணா, றா, னா மூன்றும் போயின. 'ஏழு அறை மிச்சம் சார்' என்று அவர் சந்தோஷப்பட்டார். எழுத்து குறைந்தால் அச்சுக்கு எளிது, தட்டச்சுக்கு எளிது என்பது சீர்திருத்தத்தின் வாதங்களில் ஒன்று. அந்த எளிமை எந்த இடத்தில் போய் முடியும் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் கவிதைகளில் வினைமுற்று இல்லாமல் வரி அறுந்து நிற்கும் இடங்கள் நிறைய. காலி புரூஃபை எடுத்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் விரலை வைத்துக் கேட்பார்: 'சார், இங்க ஒரு வார்த்தை விட்டுப்போச்சா, இல்ல இதான் கவிதையா?' கேலி இல்லை. தன் வேலையில் பிழை வந்துவிடக் கூடாது என்கிற கவலை. அவர் கேட்டதற்கு அப்புறம் இரண்டு தடவை நான் வரியை மாற்றியிருக்கிறேன். முந்நூறு பிரதியை எத்தனை பேர் படித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைத்துப் படித்த வாசகர் ஒருவர் இருந்தார் என்பது மட்டும் நிச்சயம்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கணிப்பொறி அச்சுக்கோப்பு வந்தது. பக்கம் சுத்தமாக இருந்தது, செலவு குறைந்தது, ஒரு மாதத்து வேலை ஐந்து நாளில் முடிந்தது. இனிமேல் சிறுபத்திரிகைகளுக்கு விடிவுகாலம் என்று நாங்கள் தலையங்கம் எழுதினோம். அதை எழுதியவன் நான். அவர் விசைப்பலகையைப் பழகிப் பார்த்தார். பதினைந்து வருஷமாக எழுத்தின் இடத்தை விரலில் வைத்திருந்தவருக்கு அந்த வரிசை கடைசிவரை பிடிபடவில்லை. முதலாளி ஈயத்தை எடைக்குப் போட்டார். கம்போஸிட்டர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலுக்குப் போனார். நாங்கள் யாரும் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. உழைப்பின் கௌரவம் என்கிற சொற்றொடர் அப்போதும் எங்களிடம் இருந்தது. அதைச் சோவியத் நாவல்களைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்கொள்வோம். வங்கி ஊழியர்களுக்குச் சங்கம் இருந்தது. கணிப்பொறியை எந்த அளவுக்கு, என்ன நிபந்தனையில் ஏற்பது என்று 1983ல் நிர்வாகங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். சந்துக்குள் இருந்த இரண்டு பேருக்காகப் பேச யாருமில்லை. பேசத் தெரிந்த நாங்கள் புதிய எழுத்துருவின் அழகில் மூழ்கியிருந்தோம்.

1812 பிப்ரவரியில் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சைப் பேசினான். காலுறைத் தறிகளை உடைக்கும் நாட்டிங்ஹாம் தொழிலாளர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்த பேச்சு அது. மசோதா சட்டமாயிற்று, கவிஞனின் பேச்சால் ஒன்றும் நின்றுவிடவில்லை. ஆனால் அந்தத் தறியால் அவன் தொழிலுக்கோ சொத்துக்கோ எந்த ஆபத்தும் இல்லாத போது பேசினான் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நமக்கோ நம்முடைய வாக்கியத்துக்கு ஆபத்து வந்த பிறகுதான் உழைப்பு என்பது புனிதமான காரியம் என்று தெரிகிறது.

ஆகவே இந்தப் புனிதத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. யந்திரம் எந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தாலே சில விஷயங்கள் தெளிவாகும். மனிதன் செய்யக் கூடாத வேலையை அது முதலில் எடுத்துக்கொள்வதில்லை. எங்கே கூலி மிச்சமாகுமோ அங்கே முதலில் வருகிறது. கையால் மலம் அள்ளும் வேலையைச் சட்டம் 1993ல் ஒரு தடவையும், பாதுகாப்பில்லாமல் மலக்குழிக்குள் இறங்குவதையும் சேர்த்து 2013ல் இன்னும் விரிவாகவும் தடை செய்தது. குழிக்குள் மனிதன் இறங்காமல் கழிவை அள்ளும் யந்திரக் கரம் ஒன்று கேரளத்தில் சில இளைஞர்கள் செய்து 2018ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. நிலவில் மனிதன் நடந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துக்குப் பிறகு! அதன் பின்னும் குழிக்குள் சாவு நிற்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த உயிர் மலிவு; எந்த ஜாதி இறங்கும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கிறது. மலிவான உயிரின் பதிலுக்கு யந்திரம் கண்டுபிடிக்க யாருக்கும் அவசரமில்லை. உழைப்பே மனிதனின் சாராம்சம் என்று நம்மிடையே எழுதுகிறவர்கள் இந்தக் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். வேலை என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைப்பது நம் நாட்டில் சாத்தியமில்லை. போனால் அழ வேண்டிய வேலை இருக்கிறது. போனால் பறை கொட்டிக் கொண்டாட வேண்டிய வேலையும் இருக்கிறது. இரண்டாவது வகைதான் கடைசியாகப் போகும் போலிருக்கிறது.

ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930ல், உலகமே பொருளாதார மந்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்த வேளையில், பேரப்பிள்ளைகளின் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நூறு ஆண்டில் உற்பத்திப் பிரச்னை தீர்ந்துவிடும், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று கணக்குப் போட்டார். அவர் குறித்த 2030 இதோ வந்துவிட்டது. உற்பத்தி விஷயத்தில் கணக்கு ஏறக்குறைய பலித்திருக்கிறது. பதினைந்து மணி நேரம் பலிக்கவில்லை. மிச்சமான மணி நேரங்கள் உழைக்கிறவனின் கைக்கு வராமல் யந்திரத்தின் சொந்தக்காரனிடம் லாபமாகப் போய்ச் சேர்ந்தன. எண்பது மணி நேரம் வேலை செய்கிற ஒருவனும் வேலையே இல்லாத ஒருவனும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். கெய்ன்ஸுக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஓய்வு என்பதைத் தாங்க மனிதனுக்குப் பயிற்சி இல்லையே, நரம்புத் தளர்ச்சி வந்துவிடுமே என்று கவலைப்பட்டார். பணக்கார வீட்டுப் பெண்மணிகளை உதாரணம் காட்டினார். ஓய்வால் கெட்டுப்போகும் அளவுக்கு ஓய்வு கிடைத்த ஏழை யாரையும் அவரால் காட்ட முடியவில்லை.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் அடிப்படை வருமானம் என்கிற யோசனை வருகிறது. வேலை செய்கிறாயா, தேடுகிறாயா, ஏழையா, பணக்காரனா என்று கேட்காமல் ஒவ்வொரு பிரஜைக்கும் மாதாமாதம் ஒரு தொகை. யோசனை புதியதல்ல. தாமஸ் பெய்ன் 1797ல், இருபத்தொரு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் பதினைந்து பவுன், ஐம்பது வயதுக்கு மேல் வருஷத்துக்குப் பத்துப் பவுன் என்று கேட்டார். அவருடைய தர்க்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூமி ஆதியில் எல்லோருக்கும் பொது. அதை வேலி போட்டு வைத்துக்கொண்டவன், வெளியே நிற்கிறவனுக்கு வாடகை கொடுக்கக் கடமைப்பட்டவன். இது தர்மம் அல்ல, பாக்கி. பெய்ன் நிலத்துக்குச் சொன்னதை இன்றைய யந்திரத்துக்கும் சொல்லலாம். என் நண்பரின் நாவலைத் தமிழாக்கிய யந்திரம் தமிழை எங்கே கற்றது? நூறு வருஷமாக யார் யாரோ எழுதி, மொழிபெயர்த்து, புரூஃப் திருத்தி வைத்த பக்கங்களிலிருந்து. அந்தப் பக்கங்களில் சிலவற்றை என் கம்போஸிட்டர் கோத்தார். எழுதியவனுக்காவது இன்று கோபப்பட ஒரு மாடி கிடைக்கிறது.

எதிர்வாதங்களில் நிதி சம்பந்தப்பட்டவற்றைப் பொருளாதாரம் படித்தவர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016-17க்கான இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கை இந்த யோசனைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. காந்தியோடு உரையாடுவதாகவும் தன்னைச் சொல்லிக்கொண்டது. அதில் எடுத்துக்கொண்ட கணக்கு ஆளுக்கு வருஷத்துக்கு 7,620 ரூபாய். மாதத்துக்கு 635. ரேஷனையும் மற்ற மானியங்களையும் எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதை வைக்கலாமா என்பது அந்த யோசனையின் பின்னால் நிற்கிற கேள்வி. அப்படி வைத்தால் அது பெய்ன் கேட்ட பாக்கி ஆகாது. பிச்சை ஓட்டில் போடும் சில்லறை. யந்திரத்தின் சொந்தக்காரன், சத்தம் போடாமல் இரு என்று தரும் தொகையாகவும் இது மாறலாம் என்பதை மறக்கக் கூடாது.

அறம் சம்பந்தப்பட்ட எதிர்வாதம் வேறு. உழைக்காமல் உண்பது தவறு என்பது அது. காந்தியின் நிலையும் ஏறத்தாழ இதுதான்; உடல் நலமுள்ளவனுக்கு உழைப்பின்றிச் சோறு போடுவதை அவர் ஏற்கவில்லை. ஜான் ரால்ஸ் 1988ல் மலிபு கடற்கரையில் நாளெல்லாம் அலைச்சறுக்கு ஆடிக்கொண்டிருக்கிறவன் தன் சோற்றுக்குத் தானே வழி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அந்த ஆட்டக்காரனுக்கும் சோறு போட வேண்டும் என்று ஃபிலிப் வான் பரைஸ் 1991ல் பதில் எழுதினார். நம் பக்கத்தில் இந்த ஆட்டக்காரன் இல்லை. இங்கே அவன் இடத்தில், நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கிழவி இருக்கிறாள். 2005ல் வந்த அந்தச் சட்டத்தைப் பற்றி நகரத்தில் யாரிடம் பேசினாலும் அந்தக் கிழவியும் மரமும் வந்துவிடுவார்கள். வட்டியிலும் வாடகையிலும் சாப்பிடுகிறவர் அதே மூச்சில் அவளைப் பற்றிக் குறை சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். மூன்று வீட்டு வாடகை ஒருவரின் குணத்தைக் கெடுக்காதாம். முந்நூறு ரூபாய் கெடுத்துவிடுமாம்.

உழைக்காதவனுக்குச் சோறில்லை என்ற விதியை இந்த உலகம் ஒருநாளும் ஒழுங்காக நடைமுறைப்படுத்தியதில்லை. நடைமுறைப்படுத்தியிருந்தால் முதலில் பட்டினி கிடந்திருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். முதலில் சாப்பிட்டிருக்க வேண்டியவர்கள் பெண்கள். விடியலில் எழுந்து இரவு பாத்திரம் கவிழ்க்கும்வரை செய்வது வேலைக் கணக்கில் வராததால் அவர்கள் 'சும்மா வீட்டில் இருப்பவர்கள்' ஆனார்கள். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். பெயர் வைப்பதில் நமக்கு எப்போதும் ஒரு சாமர்த்தியம் உண்டு. அதை நான் முழுக்க நம்பிவிடவில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, மின்சாரம் 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று அப்போது விதிகள் இருந்தன. மின்சார மீட்டரைப் பார்த்துக் கொடுப்பதை உரிமை என்று சொல்வது கஷ்டம். ஆனாலும் உதவி, உரிமை என்ற இரண்டு சொற்களுக்கு இடையில் இருக்கும் தூரம் சாதாரணமானதல்ல. உதவியை வாங்குகிறவள் தலை குனிய வேண்டும். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது இந்தத் தலைகுனிவின் காவியப் பெயர். தின்ற சோற்றுக்காகக் கர்ணன் நியாயம் எந்தப் பக்கம் என்று தெரிந்தும் மறுபக்கம் நின்று செத்தான். அவனுக்குச் சோறு கடனாக வராமல் பாத்தியதையாக வந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பான் என்று கேட்டுப் பார்க்கலாம். நம்மில் பலர் எந்த ஸ்தாபனத்தின் பக்கம் ஏன் நிற்கிறோம் என்பதற்கும் இதில் பதில் கிடைக்கும்.

சும்மா கொடுத்தால் குடித்து அழிப்பார்கள், படுத்துத் தூங்குவார்கள் என்ற பயத்துக்கு இதற்குள் சில பதில்கள் கிடைத்திருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் சில கிராமங்களில் 2011லிருந்து சேவா அமைப்பு நடத்திய சோதனையில் பெரியவர்களுக்கு மாதம் இருநூறு ரூபாயும் பிறகு முந்நூறும் கொடுத்தார்கள். பலர் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் அதிகம் உழைத்தார்கள். பின்லாந்தில் 2017, 2018 இரண்டு வருஷம் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள். வேலை தேடிக்கொண்டவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. மனநிலை நன்றாகவே இருந்தது. இவையெல்லாம் சின்ன அளவில், குறித்த காலத்துக்குச் செய்தவை. ரொம்பவும் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. எனக்கு உறுத்துகிற கேள்வி இன்னும் பின்னால் இருக்கிறது. குடிக்கவில்லை, தூங்கவில்லை, சோறும் கிடைத்துவிட்டது; ஆனால் நான் யாருக்கும் வேண்டியதில்லை. அப்போது என்ன?

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்றொரு ஆலைக் கிராமம். ஆலை மூடிய பின் 1930களின் தொடக்கத்தில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் ஆகியோர் அந்த ஊரை ஆராய்ந்து 1933ல் நூல் வெளியிட்டார்கள். அந்த ஆலையை மூடியது யந்திரமல்ல, மந்தம். ஆனாலும் வேலை போன ஊர் எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சித்திரம் நான் படித்ததில்லை. நாள் முழுவதும் ஓய்வு இருந்தது. நூலகத்தில் எடுக்கும் புத்தகம் குறைந்தது. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுவில் நின்றார்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களுடைய ஆலை மூடவில்லை, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, வேலையில்லாத மனிதன் என்ன ஆகிறான் என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே கொடுத்த தொகை வேலை செய்யாமல் இருப்பதற்கான தொகை. கொஞ்சம் சில்லறை வேலை செய்தான் என்று யாராவது எழுதிப்போட்டால் அது நின்றுவிடும். நாளாக ஆக அதுவும் குறைந்துகொண்டே போனது. கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கை மரத்துவிட்டது என்று ஆராய்வது போன்ற காரியம் இது. ஆனாலும், அந்த மெதுவான நடையை முழுக்கப் பணத்தால் விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கேள்வியை நமக்குள் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடினால் மணிமேகலையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அமுதசுரபி என்றவுடன் எல்லோருக்கும் மணிமேகலைதான் ஞாபகம். அவளுக்கு முன்னால் அந்தப் பாத்திரத்தை வைத்திருந்த ஆபுத்திரனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மதுரையில் பிச்சை எடுத்துக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டி மிச்சத்தை உண்டு வந்தவன். ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தவித்தபோது சிந்தாதேவி அந்தப் பாத்திரத்தைக் கொடுக்கிறாள். எடுக்க எடுக்கக் குறையாது. வருகிறவனிடம் நீ யார், என்ன வேலை செய்தாய் என்று கேட்காது. இந்திரன் கிழவன் வேஷத்தில் வந்து வரம் தருவதாகச் சொல்ல, அனுபவிப்பவர்கள் மட்டுமே இருக்கிற, கொடுக்கவும் முயலவும் ஆளில்லாத உன் உலகம் எனக்கு எதற்கு என்று இவன் சிரித்துவிடுகிறான். இந்திரன் பழிவாங்குகிற விதம்தான் அபூர்வம். இவனை அடிக்கவில்லை, பாத்திரத்தைப் பிடுங்கவில்லை. பாண்டிய நாட்டில் மழை பெய்ய வைக்கிறான். பஞ்சம் தீர்கிறது. பசி தீர்கிறது. ஆபுத்திரனைத் தேடி ஒருவரும் வரவில்லை. உண்பதற்கு ஆள் இருக்கிறார்களா என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறான். யாரிவன் என்று ஜனங்கள் கேலி செய்கிறார்கள். வளம் வந்ததால் வேலை போன ஒருவனை நம் இலக்கியத்தில் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். காற்று திரும்பி மணிபல்லவத்தில் கப்பல் நிற்க, இவன் இறங்க, இவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் இரவில் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, குறையாத பாத்திரம். ஆயுசு முழுவதும் அவன் மட்டும் உட்கார்ந்து சாப்பிடலாம். அவனோ, பல உயிரைக் காத்த பாத்திரத்தை வைத்துக்கொண்டு என் உயிரை மட்டும் காப்பதா என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இறந்துபோகிறான்.

அடிப்படை வருமானத்தை எதிர்ப்பவர்கள் இந்தக் கதையைப் படித்திருந்தால் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக வைத்திருப்பார்கள். சோறு நிச்சயமான பிறகும் ஒரு மனிதன் செத்தான், தேவைப்படாததால் செத்தான். நானும் பல வருஷம் அப்படித்தான் படித்தேன். பஸ்ஸில் கம்போஸிட்டர் ஞாபகம் வந்த அன்று வேறு மாதிரி படிக்கத் தோன்றியது. ஆபுத்திரன் பாத்திரத்தை விட முடிந்தது, அது அவன் கையில் இருந்ததால். சோறு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவன் இருந்தான். எது இல்லாமல் வாழ்வதற்கு அர்த்தமில்லை என்று தீர்மானிக்கிற அவகாசம் அவனுக்கு இருந்தது. காவல் வேலைக்குப் போன என் கம்போஸிட்டருக்குப் பொய்கையில் விட ஒன்றுமில்லை. அர்த்தம் பற்றிய கேள்வி அவர்வரை வந்துசேரவே இல்லை. வாடகை பற்றிய கேள்வி வாசலில் நின்று அதை மறித்துக்கொண்டது. தேவைப்படுதல் என்பதை எந்தக் கஜானாவும் மணியார்டரில் அனுப்ப முடியாது என்பது உண்மை. அதற்காகச் சோற்றை நிறுத்திவைத்தால் தேவைப்படுதல் வந்துவிடுமா? இத்தனை காலம் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, உனக்குச் சோறு வேண்டியிருக்கிறது, ஆகவே நீ எனக்கு வேண்டியவன் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். முடிச்சை யந்திரம் அறுத்துவிட்டது. அறுந்த பிறகும் பழைய கயிற்றின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பவர்களில் நாமும் சேர வேண்டுமா என்பதுதான் மாடியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என் நண்பருக்கும் அன்று இரண்டு இழப்பு இருந்தது. நாலில் மூன்று பங்கு கூலி போனது ஒன்று. அதைக் கணக்குப் பார்த்து யாரிடமாவது கேட்க முடியும், கேட்க வேண்டும். விழித்திருந்த இரவுகள் போனது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லி முதலாவதைக் கேட்டதால் இரண்டுமே யார் காதிலும் விழவில்லை.

2017ல், அந்த ஆய்வறிக்கை பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம், கம்போஸிட்டரைத் தற்செயலாகப் பார்த்தேன். அதே குடியிருப்பு இல்லை, வேறொன்று. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. எழுபதை நெருங்கியிருந்தார். பேசிக்கொண்டிருக்கையில் விஷயத்தை விளக்கிவிட்டு, மாதம் அறுநூறு சொச்சம் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். ஏதோ ஒரு தத்துவார்த்தமான மறுப்பை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

'வாங்காம? நான் என்ன சாமியாரா?' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'அப்ப கொடுத்திருக்கணும் சார். பிரஸ்ஸ மூடினப்போ. இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டேன்.'

'வேற என்ன பண்ணியிருப்பீங்க?'

'தெரியல. யோசிச்சுப் பாத்திருப்பேன்.'

ஒரு கார் வந்தது. எழுந்து கேட்டைத் திறந்து மூடிவிட்டு வந்தார். பத்திரிகை இன்னும் வருகிறதா என்று கேட்டார். நாங்கள் நடத்தியது நின்று வெகுநாளாயிற்று. வேறு சிலர் நடத்தும் இதழ் ஒன்று என் பையில் இருந்தது, கொடுத்தேன். மடியில் தலைகீழாக வைத்துக்கொண்டு புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு கவிதையின் நடுவில் விரலை வைத்து, 'இங்க ஒண்ணு விட்டுப்போச்சு' என்றார். வாங்கிப் பார்த்தேன். பிழைதான்.